ஆறாயிரம் டாலர் செவெல்

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் ஊர் இரும்புக்கடை வாசலில் பழைய எட்டு சிலிண்டர் கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார்கள். அதில் கார் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் அந்தக் கார்களை ஒரு காலத்தில் வாங்காமல் விட்டவர்கள். என் புருஷன் டெல்பர்ட் இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவன். எங்கள் சாம்பல் நிற வேனைத் தெருக்கோடியில் ஒளித்து நிறுத்திவிட்டு, நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு போவான்.

கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷமாக அவன் விட்ட கார்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுபத்து மூன்றாம் வருஷம் பெட்ரோல் விலை ஏறியபோது ஒருத்தன் சார்ஜர் காரை எழுநூறு டாலருக்குக் கொடுக்கிறேன் என்று கெஞ்சினானாம். இவன் அறுநூறுக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்றானாம். இன்னொருத்தன் பனி தள்ளும் மெஷினைக் கொடுத்துவிட்டு ஜி.டி.ஓ. காரை எடுத்துக்கொள் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தவன் யோசித்து முடிப்பதற்குள் பனிக்காலமே முடிந்துவிட்டது. இன்று அவையெல்லாம் விற்கிற விலையில் ஒரு வீடு வாங்கலாம். கதை சொல்லும்போது இந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ அந்தக் கார்கள்தான் இவனை ஏமாற்றிவிட்டு ஓடின மாதிரி.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சாவதற்குள் இவன் ஒரு காரை வாங்கித் தொலைக்க வேண்டும், என் காதுக்குக் கொஞ்ச நாளாவது ஓய்வு கிடைக்க வேண்டும்.

அதற்கு வழி ஓப்பல் மூலமாக வந்தது. ஓப்பல் எங்கள் சர்ச்காரி, எழுபத்தெட்டு வயசு. அவள் புருஷன் ஹார்லன் டெல்பர்ட்டோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், ஏப்ரலில் இறந்துபோனான். அவர்கள் வீட்டுக் கொட்டகையில் எழுபதாம் வருஷத்துச் செவெல் கார் ஒன்று போர்வை போர்த்தி நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது டெல்பர்ட் அதைக் கேட்பான், ஹார்லன் சிரித்துவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஓப்பல் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நேடீன், அந்தக் காரைப் பத்தி வெளிய சொல்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. ஆறாயிரம் குடுத்தாப் போதும்."

"ஐயோ ஓப்பல், அது அறுபதாயிரத்துக்குப் போகுமே!"

"தெரியும்மா. என் அக்கா பையன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டான். பணத்தை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? ஹார்லன் மாதிரி அதை ஆசையா வெச்சுக்கற ஆளு வேணும், அவ்வளவுதான்."

சமையலறைத் தரையை மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்து, கவரில் போட்டு, வியாழக்கிழமை காலையில் நானே டெல்பர்ட்டின் சட்டைப் பையில் வைத்தேன். வேனில் ஏறும்போதே சொன்னேன்.

"அங்க வந்து வாயத் திறக்காத. பணத்தைக் குடு, சாவிய வாங்கு, வந்துடலாம்."

"கார் வாங்கறது எப்படின்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றான், எழுபத்தொரு வயசு வரை அப்படி ஒரு காரும் வாங்காதவன்.

கொட்டகையில் ஓப்பல் போர்வையை விலக்கினாள். கருநீலம், வெள்ளைப் பட்டை இரண்டு. டெல்பர்ட்டின் கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவன் எதிரில் காரைப் பிடித்திருக்கிறது என்று காட்டவே கூடாது, விலை ஏறிவிடுமாம். முதலில் மட்டம் தட்ட வேண்டும். பேரம் பேசுகிறவனிடம் அப்படிச் செய்தால் சரி. பேரமே பேசாத ஒரு கிழவியிடமுமா?

பையிலிருந்து எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த ஸ்ட்ராபெரிக் காந்தத்தை எடுத்தான். துருப்பிடித்த இடத்தைப் பட்டி போட்டு மறைத்திருந்தால் காந்தம் அங்கே ஒட்டாது. கதவில் வைத்தான், ஒட்டியது. மட்காடில் வைத்தான், ஒட்டியது. எங்கே வைத்தாலும் பிசாசு மாதிரி பிடித்துக்கொண்டது. இவன் என்னவோ உச்சுக்கொட்டினான்.

"இங்க லேசா வழுக்குது. உள்ள பட்டி இருக்கு."

"ஹார்லன் பட்டியே போடலியே, டெல்பர்ட்."

"உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான். எஞ்சினும் இதோடதுதானான்னு சந்தேகமா இருக்கு. அடியில பூரா துருவாத்தான் இருக்கும். பெயிண்ட்டப் பாருங்க, துடைப்பத்தால அடிச்ச மாதிரி."

அது ஹார்லன் இரண்டு கோடைகாலம் செலவழித்துத் தன் கையால் அடித்த பெயிண்ட். நான் டெல்பர்ட்டின் முழங்கையைக் கிள்ளினேன். பேரம் நன்றாகப் போகிறது என்று சொல்வதாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"குப்பைதான். ஆனா ஹார்லன் நம்ம ஆளு. நாலாயிரம் தர்றேன்."

ஓப்பல் போர்வையை எடுத்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் மெதுவாக நான்கு பக்கமும் இழுத்துவிட்டாள்.

"குப்பைய வாங்கி நீ என்னப்பா பண்ணப் போற? விடு."

"நாலாயிரத்து ஐந்நூறு."

"வெளிய வா, கதவைச் சாத்தணும்."

தாழ்ப்பாள் விழுந்த பிறகு வெளியே நின்று, "சரி சரி, ஆறாயிரமே வெச்சுக்கங்க" என்று கவரை ஆட்டினான். ஓப்பல் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

"ரெண்டு நாள்ல அவளே கூப்பிடுவா பாரு" என்றான் வேனில்.

கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓப்பலே என்னிடம் சொன்னாள். ஃபோர்ட் வெய்ன் நகரத்திலிருந்து, பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாளாம். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள்ளே உட்கார்ந்து, ஓட்டும்போது ஹார்லன் என்ன பாட்டுக் கேட்பார் என்று கேட்டாளாம். அதே ஆறாயிரத்துக்கு ஓப்பல் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்றேன், அவன்கிட்ட சொல்லிடாத" என்று என் கையைப் பிடித்தாள். "ஹார்லன் போறதுக்கு முந்தின வாரம், அந்தக் காரை டெல்பர்ட்டுக்குச் சும்மாவே குடுத்துடுன்னான். சும்மா குடுத்தா அவன் கூச்சப்படுவானேன்னு நான்தான் ஒரு விலை சொன்னேன்."

நான் வீட்டில் சொல்லவில்லை. இதைக் கேட்டால் இந்த மனுஷன் மிச்சக் காலத்துக்கும் தூங்க மாட்டான். எனக்கு அவன்மேல் மரியாதை இல்லைதான், அதற்காக அவனைக் கொல்ல வேண்டும் என்றும் இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை இரும்புக்கடைக் கூட்டத்துக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கிண்ணத்தோடு நான் போய்ச் சேர்ந்தபோது டெல்பர்ட் புதுக்கதையில் பாதி தூரம் போயிருந்தான்.

"பை நிறையப் பணம் வெச்சிருக்கேன். ஓப்பல் சாவிய நீட்டிட்டா. நேடீன் விடல, மாப்ள. சமையலறைத் தரைதான் முக்கியம்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் என்ன பண்றது?"

பதினோரு தலைகள் என் பக்கம் திரும்பின. மஸ்டாங் கார் வைத்திருக்கிற லைல், "இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்று என்னிடமே சொன்னான்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"டெல்பர்ட், ஹார்லன் அந்தக் காரை உனக்குச் சும்மா குடுக்கச் சொல்லியிருந்தான். நீ அதைக் குப்பைன்னே. அதான் ஓப்பல் தரல."

டெல்பர்ட் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"ஹார்லனா? எப்ப சொன்னான்?" என்றான். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பாவமாகத்தான் இருந்தது.

இருந்தாலும், "சாகறதுக்கு முந்தின வாரம்" என்று அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.