குழலுக்கு அடியில்

"இதைச் செஞ்சது யாரும்மா?" என்று பியர்லி என்னிடம் கேட்டார்.

புத்தாண்டுக் காலை. துப்பாக்கி சுடும் மன்றத்துக் கூடம் முழுக்கப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் வேகிற வாசனை. மேசையில் துப்பாக்கி கிடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் என் அக்கா டாரீன், கழுத்தில் கருமருந்து அடைத்த மாட்டுக் கொம்போடு நின்றாள். போட்டிக்குப் பெயர் பதிகிற பியர்லி இதே கேள்வியை அவளிடம் ஏற்கெனவே கேட்டு, "நான்தான்" என்ற பதிலையும் வாங்கியிருந்தார். பிறகு என்னை எதற்குக் கேட்டார்?

"அக்கா" என்றேன். சொல்லும்போதே அது உண்மையா பொய்யா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அந்தத் துப்பாக்கி அக்டோபரில் ஒரு பெட்டியில் துண்டு துண்டாக வந்தது. எட்டுப் பட்டைக் குழல், முக்கால்வாசி செதுக்கிய மேப்பிள் கட்டை, சக்கிமுக்கிக் கல் உரசிச் சுடும் பொறி, பித்தளைச் சாமான்கள், கூடவே ஒரு செய்முறைத் தாள். வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுச் சுடுகிற பழைய காலத்துத் துப்பாக்கி. பெட்டி வந்த மூன்றாம் நாள் அக்கா மான் வேட்டைக்குப் போய், மரத்துப் பரணிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

மன்றத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. தன் கையால் செய்த துப்பாக்கியோடு வந்து புத்தாண்டுப் போட்டியில் ஜெயித்தவர் பெயரை அதில் சூட்டுக்கோலால் எழுதுவார்கள். ரஸ்ஸின் பெயர் மூன்று முறை இருக்கிறது. ரஸ் என் அக்காவை விட்டுப் போன புருஷன். போகிற அன்று, "பெட்டியில வர்றதைச் சேக்கக்கூட உனக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பலகையில் தன் பெயர் ஏற வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்கு வேறு ஆசையே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று வீட்டில்தான் இருந்தேன். "நான் செய்யட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ செய்யல, லெனா. நான் செய்யறேன். நீ என் வலது கை, அவ்வளவுதான். கைக்குப் பேர் கிடையாது, புரியுதா?"

புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

தாள் இன்னும் மோசம். ஒன்பதாம் வேலையை முடிக்காமல் எட்டாம் வேலையைத் தொடாதே என்று பதினான்காவதில் போட்டிருந்தது. படத்தில் இருந்த பொறி வேறு, எங்கள் பெட்டியில் இருந்தது வேறு. குழலின் அடியில் விளக்குக் கரியைப் பூசி, கட்டையில் அது உட்காரும் பள்ளத்தில் அழுத்தி எடுத்தால், இடிக்கிற இடத்தில் கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டி எடுத்து, மறுபடி பூசி, மறுபடி அழுத்த வேண்டும். அக்கா சோபாவில் படுத்தபடி கத்துவாள்.

"சுரண்டுடின்னா, மக்காச்சோளம் உதிர்க்கிற மாதிரி உதிர்க்கற! மெதுவா!"

"எவ்வளவு மெதுவா?"

"கோவமா இருக்கிற பூனையத் தடவற மாதிரி."

எங்கே சுரண்ட வேண்டும் என்று அவள் சொல்வாள், நான் சுரண்டுவேன். அப்படியானால் செய்வது யார்? கட்டைக்கு அமிலம் பூசியபோது மரம் பாசி மாதிரி பச்சையாகிவிட்டது. கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். அக்கா சூடு காட்டச் சொன்னாள். காட்டக் காட்ட மரம் தேன் நிறத்துக்குச் சிவந்து வந்தது. இரண்டு பேரும் கத்தினோம். அப்போது செய்தது இரண்டு பேரும்தானா?

குழலின் அடியில் துளை போட்ட மூன்று இரும்புக் காதுகள் இருக்கும். கட்டையின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய இரும்புப் பின்களை அடித்து, அந்தக் காதுகளில் கோத்துத்தான் குழல் நிற்கிறது. ஈரத்தில் மரம் உப்பும், இரும்பு உப்பாது. அதனால் காதுகளின் துளையை அரத்தால் நீட்டிவிட வேண்டும். இரண்டு காதை நீட்டிவிட்டேன். மூன்றாவதை எடுக்கும் முன், வெறுமையாகத் திறந்து கிடந்த கட்டையின் பள்ளத்தைப் பார்த்தேன். குழல் ஏறிவிட்டால் அந்த இடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. பேனாக்கத்தியை எடுத்து 'லெனா' என்று கீறினேன். படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகக் குழலை வைத்து மூன்று பின்னையும் அடித்துவிட்டேன். மூன்றாவது காது மறந்தே போனது.

டிசம்பர் நடுவில் அக்காவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். அவளே சுட்டுப் பழகினாள். ஐம்பது கஜத்தில் ஒரு கிண்ணத்து வாய்க்குள் ஐந்து குண்டும் போயின. பலகையில் தன் பெயருக்கு இடம் எங்கே என்றுகூடப் பார்த்து வைத்திருந்தாள். புத்தாண்டுக்கு முன் பனி உருகி மூன்று நாள் விடாத மழை.

பியர்லி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூன்றாவது பின்னுக்குப் பக்கத்தில் நகத்தால் தடவினார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"இங்க காது நீட்டல. மரம் உப்பி இழுக்குது. இப்படியே சுட்டா கட்டை பிளந்துடும். கழட்டி அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துடலாம்."

"வேணாம்" என்றேன் நான். அந்தக் கூடத்தில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அட, பேசுதே!" என்று யாரோ சிரித்தார்கள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கழட்டுங்க மிஸ்டர் பியர்லி. ரெண்டு நிமிஷ வேலைதானே" என்றாள்.

அவர் பின்களைத் தட்டி எடுத்தார். குழலைத் தூக்கினார். பள்ளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கட்டையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா குனிந்து படித்தாள்.

தட்டோடு வந்து எட்டிப் பார்த்த ரஸ், "ஓஹோ! பெட்டியில வந்ததைச் சேக்கவும் ஆள் வெச்சுதான் செஞ்சியா?" என்றான்.

"நீ போய்த் தின்னு, ரஸ்" என்றார் பியர்லி. அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "சட்டம் உனக்குத் தெரியும் டாரீன். செஞ்சவதான் சுடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "போட்டிக்கு உன் பேரை எழுதட்டுமாம்மா?"

"அவதான் சொன்னா, எங்க சுரண்டணும்னு அவதான் சொன்னா" என்றேன். என்னவோ உளறுகிறேன் என்று தெரிந்தது. "நான் கைதான்."

"கைதானேம்மா செய்யும்" என்றார் அவர். அரத்தை எடுத்து மூன்றாவது காதை இழுக்க ஆரம்பித்தார்.

அக்கா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் அதை ஒரு முறை தடவினாள், கறுப்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பது போல. பிறகு கழுத்திலிருந்து மருந்துக் கொம்பைக் கழற்றி மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள். எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு கொம்புதான். அது இல்லாமல் யாரும் சுட முடியாது. எனக்குத் தந்தாளா, இனி வேண்டாம் என்று போட்டாளா? நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

ரஸ்ஸைத் தாண்டி, பலகையைத் தாண்டி, கதவைத் திறந்து மழையில் இறங்கிப் போனாள்.