ஏழாவது நிபந்தனை

கடன் கேட்கப் போகிற வீட்டுக்கு யாராவது கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு போவார்களா? கார் கம்பெனிப் பெரியவர் போனார். அழைத்துக்கொண்டு போனவர் அவருடைய டிரைவர்.

கம்பெனியின் நிலைமை ஊருக்கே தெரியும். விற்காத கார்கள் தொழிற்சாலையின் பின்பக்க மைதானத்தில் தூசி படிந்து நின்றன. சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. அரசாங்கம் கைகொடுத்தால் உண்டு, இல்லையென்றால் வாசலுக்குப் பூட்டுதான் என்ற கட்டத்தில், பெரியவர் தலைநகரத்துக்கு உதவி கேட்கக் கிளம்பினார். அன்று காலை ஷெட்டில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று சொந்தக் கம்பெனியின் சின்ன கார். இன்னொன்று போட்டிக் கம்பெனியின் நீளமான கறுப்புக் கார். ஆராய்ச்சிக்கு என்று வாங்கி, ஆராய்ச்சி முடிந்த பிறகும் விட மனம் வராமல் பெரியவர் தனக்கே வைத்துக்கொண்டது. எதை எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. டிரைவர்தான் கறுப்புக் காரை எடுத்தார். தூரப் பயணம், சாருக்கு முதுகு வலி என்று ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், தலைநகரத்தின் பெரிய அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் போய் நிற்கும்போது தன் கையில் அந்த வண்டி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எத்தனை வருஷம் துடைத்த வண்டி! மனுஷனுக்கு அந்தப் பெருமைகூட இருக்கக்கூடாதா?

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம். கறுப்புக் கார், பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டிரைவர். தான் செய்யும் காரில் தானே ஏறாத முதலாளிக்கு நம் வரிப்பணமா என்று கீழே ஒரு கேள்வி.

“போட்டோல நல்லாத்தான் சிரிக்கிறீங்க,” என்றாள் அவர் மனைவி. அதே தொழிற்சாலையில் சீட் உறை தைக்கிற பகுதியில் அவளுக்கு வேலை. “எங்க செக்‌ஷன்ல எல்லாரும் பார்த்தாச்சு. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா ஆயிடுச்சே!”

அரசாங்கம் இல்லையென்று கையை விரிக்கவில்லை. தருகிறோம், ஆனால் தவணை தவணையாக, நிபந்தனைகளோடு என்றது. கம்பெனியின் விமானத்தை விற்க வேண்டும். அதிகாரிகளுக்கு போனஸ் கிடையாது. தொழிலாளிகளின் சம்பளம் உயராது, புதிதாக ஒருவரையும் எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது. பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கிற பெரிய வண்டிகளை விட்டுவிட்டுச் சின்ன கார்களை மட்டும் செய்ய வேண்டும். இப்படிப் போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஏழாவதாக ஒன்று இருந்தது. உயர் அதிகாரிகள் இனிமேல் கம்பெனி செய்யும் காரில்தான் போய்வர வேண்டும், ஓட்டுநர் வைத்துக்கொள்ளாமல், தாங்களே ஓட்டிக்கொண்டு.

அந்த ஏழாவது நிபந்தனை அந்த ஒரு படத்துக்குப் பிறந்த பிள்ளை. டிரைவருக்கு அது சொல்லாமலே விளங்கியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு விட்டார். யாரைப் போய்த் திட்டுவது?

மற்ற அதிகாரிகளின் டிரைவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இவரும் சாவியோடு பெரியவரின் அறைக்குப் போனார். பெரியவர் கதவைச் சாத்தச் சொன்னார். “எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுப்பா,” என்றார்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அது மாதிரி. பெரியவர் கணக்குப் பிரிவில் சேர்ந்து, கணக்குப் பிரிவிலேயே வளர்ந்து மேலே வந்தவர். காலேஜ் முடித்த வயதில் யாரோ மாமா பிடித்துக்கொடுத்த லைசென்ஸ் மட்டும் புதுப்பித்தபடியே கைவசம் இருந்தது. கியரைத் தொட்டு யுகமாகிவிட்டது.

“முதல் தவணை வந்தாச்சு. ரெண்டாவது தவணை தர்றதுக்கு முன்னாடி தலைநகரத்துல விசாரணை இருக்கு. அன்னைக்கு நான் ஓட்டிட்டு வர்றதை வாசல்லயே நின்னு பார்ப்பேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க.”

அந்தம்மா என்றது அரசாங்கத்தின் கண்காணிப்பு அதிகாரியை. கம்பெனியிலேயே ஓர் அறை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார், ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் போய் அணைப்பார். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் நிபந்தனை அம்மா.

“அதுவரைக்கும் வெளியே தெரியாம நீ இரு. எனக்குக் கத்துக்குடு. அதுக்கப்புறம்...” பெரியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க என்ன இருக்கிறது? வேறு வேலை போட்டுக்கொடுக்கவும் நிபந்தனை விடாது. டிரைவர் தலையாட்டினார். தன் வேலைக்குத் தானே குழி தோண்டச் சொன்னால் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி ஆட்டினார்.

ஷிப்ட் தொடங்கும் முன், விடிந்தும் விடியாத நேரத்தில், தொழிற்சாலைக்குப் பின்னால் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற பாதையில் பாடம் நடந்தது. சின்ன கார் குதித்தது, இருமியது, நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தி அழுத்தி முழங்கால் வலி வாங்கிக்கொண்டார். பெரியவர் நல்ல மாணவர் இல்லை, ஆனால் கோபித்துக்கொள்ளாத மாணவர். இஞ்சின் அணைந்தால், “மறுபடி செத்துடுச்சா?” என்று கேட்டுவிட்டுச் சாவியைத் திருப்புவார்.

ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு, “இந்த சீட்டை யாருப்பா தெச்சது?” என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரி செக்‌ஷன் சார்.”

பெரியவர் உறையைத் தடவிப் பார்த்தார். “தையல் நல்லாத்தான் இருக்கு. ஸ்பாஞ்சுதான் மோசம். ஸ்பாஞ்சைக் குறைச்சா செலவு குறையும்னு கையெழுத்துப் போட்டது நான்தான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டிரைவருக்கும் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனை இனிமேல் வெறுக்க முடியாது என்று அப்போது அவருக்குத் தோன்றியது. வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

விசாரணைக்குச் சில நாள் முன்னால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். கண் பார்வை சரியில்லை, ஓட்டக் கூடாது என்று டாக்டரிடம் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிவிடலாம். உடம்புக்கு முடியாதவருக்கு ஓட்டுநர் வைத்துக்கொள்ள நிபந்தனையில் இடம் கேட்கலாம். ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மறுபடி பத்திரிகைக்குத் தீனி.

“எனக்கு ஒண்ணும் புரியலப்பா. நான் ஓட்டுவேனா மாட்டேனா? நீ சொல்லு. மாட்டேன்னு நீ சொன்னா சர்ட்டிபிகேட் வாங்கிடறேன்.”

ஒரு வார்த்தை போதும். தேறமாட்டீங்க சார் என்று சொன்னால் தன் வேலை பிழைக்கும். பொய்யும் இல்லை, பாதி உண்மைதான். “நாளைக்குச் சொல்றேன் சார்,” என்று டிரைவர் இறங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“நீ என்ன சொல்ற?”

“நான் என்ன சொல்றது? என் வாயிலேர்ந்து வரவெச்சுட்டு, நாளைக்கு உன்னாலதான்னு சொல்றதுக்கா?”

“சும்மா கேட்டேன்.”

“சர்ட்டிபிகேட்டை அந்தம்மா நம்பலைன்னா?”

“பணம் நிக்கும்.”

“பணம் நின்னா?”

அவள் ஒரு சட்டையை எடுத்தாள். அது அவருடைய வெள்ளைச் சட்டை, வேலைக்குப் போட்டுப் போவது. அதை மட்டும் மற்றதைவிடக் கவனமாக மடித்தாள். “எங்க செக்‌ஷன்ல பாதிப் பேருக்கு அந்த ஒரு சம்பளந்தாங்க. உங்களுக்கும் இருபது வருஷ வேலை. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க எதைச் சொன்னாலும் நான் உங்க பக்கந்தான்.”

இதைவிட அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால், அவருக்கு ஒரு பக்கம் இடி, இன்னொரு பக்கம் அன்பு. இடியையாவது தாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை, பெரியவர் கேட்பதற்கு முன்பே டிரைவர் சொன்னார். “ஓட்டுவீங்க சார். கிளட்ச்சை மட்டும் மெதுவா விடுங்க.”

விசாரணை நாளில் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். பெரியவர் ஓட்டினார், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டடத்துக்கு முந்தைய தெருமுனையில், ஒரு மரத்தடியில் டிரைவர் இறங்கிக்கொள்வது, திரும்பும்போது அதே இடத்தில் ஏறிக்கொள்வது என்று பேச்சு. பெரியவர் வழியில் இரண்டு முறைதான் தடுமாறினார். மரத்தடியில் டிரைவரை இறக்கிவிட்டுத் தனியாகப் போன வண்டியைப் பார்த்துக்கொண்டே, இவர் நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனார்.

வாசலில் ஒரே கூட்டம். கேமராக்கள், மைக்குகள். படிக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிபந்தனை அம்மா. சின்ன கார் வளைந்து உள்ளே வந்தது. அலுங்காமல் குலுங்காமல் படிக்கு நேராக நின்றது. கூட்டத்தில் நின்ற டிரைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இஞ்சின் அணைந்தது. பெரியவர் இறங்கவில்லை.

கேமராக்கள் காத்திருந்தன. பெரியவர் ஸ்டியரிங்கின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று, மயக்கமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். டிரைவருக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. மனுஷன் கதவு திறப்பதற்காகக் காத்திருக்கிறார்! ஓட்டக் கற்றுக்கொடுத்தார், நிறுத்தக் கற்றுக்கொடுத்தார். இறங்கக் கற்றுக்கொடுக்கவில்லை. பாடம் நடந்த அத்தனை காலையிலும், வண்டி நின்றதும் தான் இந்தப் பக்கம் இறங்கி, சுற்றி வந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டது இப்போதுதான் அவர் நினைவுக்கே வந்தது. இரண்டு பேருக்கும் அது மூச்சு விடுவது மாதிரி. யாரும் கவனித்ததே இல்லை.

டிரைவரின் கால் தானாக ஓரடி முன்னால் போனது. கை நீண்டது. ஓடிப்போய்த் திறந்தால் போதும், படம் எடுத்துவிடுவார்கள், ‘ஒளித்து வைத்த ஓட்டுநர்’ என்று நாளைக்கு எழுதுவார்கள். அவர் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருபது வருஷத்தில் அந்த மனுஷனை அவர் ஒரு நொடிகூட உள்ளே காக்க வைத்ததில்லை. இப்போது காக்க வைத்தார். சிறு பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பது போல மனசு துடித்தது.

பெரியவர் பக்கவாட்டில் திரும்பினார். கூட்டத்தில் டிரைவரின் முகத்தைக் கண்டுபிடித்தார். டிரைவர் தலையை மெல்ல, மாட்டேன் என்று ஆட்டினார்.

பெரியவரின் முகம் சிவந்தது. பிறகு கதவில் எதையோ தேடினார், கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினார், கண்ணாடி இறங்கியது, யாரோ சிரித்தார்கள். அடுத்த முறை சரியான பிடியை இழுத்தார். கதவு திறந்தது. இறங்கினார்.

“உங்க வண்டி கதவு உங்களுக்கே பழகலையா?” என்று ஒரு நிருபர் கேட்டார்.

“பழகிட்டிருக்கேன்,” என்றார் பெரியவர்.

நிபந்தனை அம்மா முதல் தடவையாகச் சிரித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

டிரைவர் மரத்தடிக்குத் திரும்பிப் போய்க் காத்திருந்தார். வெயில் ஏறி இறங்கியது. சாயங்காலம் சின்ன கார் தெருவில் வருவது தெரிந்தது. ஓரம் கட்டுவதற்காக விளக்கு மின்னிக்கொண்டே வந்தது. பெரியவர் முகம் முழுக்கச் சிரிப்பு, கையால் பணம் கிடைத்துவிட்டது என்று சைகை வேறு. ஆனால் அவருக்குப் பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள். பின்சீட்டில் இருந்தவன் கையில் கேமரா.

பெரியவர் அதைப் பார்க்கவில்லை. முன்னால் மட்டும் பார்த்து ஓட்ட அவருக்கு இப்போதுதான் வந்திருந்தது.

சும்மா நின்றால் போதும், வண்டி நிற்கும். சந்தோஷத்தில் பெரியவர், வா, நீயே ஓட்டு என்றுகூடச் சொல்வார். கடைசியாக ஒருமுறை ஸ்டியரிங் கைக்கு வரும். டிரைவருக்கு அந்த ஆசை வந்தது. நெஞ்சு நிறைய வந்தது.

கண்ணாடி இறங்கியிருந்தது. “ஏறுப்பா!” என்றார் பெரியவர்.

“நிக்காதீங்க சார். பின்னாடி ஆளிருக்கு. போங்க, போங்க!” டிரைவர் தெருவைப் பார்த்தபடியே, யாரோ வழி கேட்டவருக்குக் காட்டுவது போலக் கையை நீட்டி வீசினார்.

பெரியவர் ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டார். நிற்காமல் போனார். கியர் மாறியபோது ஒரு குலுக்கல்கூட இல்லை. மோட்டார் சைக்கிளும் அவர் பின்னால் போனது. அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டாம் என்று டிரைவருக்குத் தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்தது. ஊர் பேர் தெரியாத தெருவில் யாரைப் பார்த்து வெட்கப்படுவது என்று அழுதார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மனைவி போன் செய்தாள். பின்னால் ஒரே கைதட்டலும் கூச்சலும்.

“பணம் வந்துடுச்சாமே! டிவியில காட்டினாங்க. இங்க எல்லாரும் மிஷினை நிறுத்திட்டு ஆடிட்டிருக்காங்க! சார் எப்படி ஓட்டினாரு?”

“ரொம்ப நல்லா ஓட்டினாரு.”

“நீங்க அவரு கூடத்தானே வர்றீங்க?”

“இல்ல. பஸ்ல வரேன்.”

அவள் பக்கம் கைதட்டல் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் இறங்கி வந்தது. “நான் லீவு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடறேங்க. நீங்க வர்ற நேரம் நான் வீட்டுல இருக்கேன்.”

“வேணாம்,” என்றார் டிரைவர். “நீ போய் மிஷின்ல உட்காரு. ஒரு வீட்டுல ஒருத்தர் வேலைய விட்டு நின்னா போதும்.”