தவிர்க்கக்கூடிய செலவுகள்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு பேச்சுதான். குடும்பங்களின் வரவு செலவை ஆராயும் தோழி ஒருத்தி சொன்னது: "எங்க ஆய்வுல முழு மார்க் வாங்கின ஒரு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். ஏன்தான் போனோம்னு ஆயிடுச்சு." மேற்கொண்டு அவள் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. மீதி முழுக்க என் கைச்சரக்கு.

'வறுமை அந்த வீட்டின் மூலையில் குந்தியிரு—'

இல்லை. அவள் அப்படியொன்றும் ஏழையில்லை. (ஏழை என்றால் நீங்கள் உடனே இரங்கிவிடுவீர்கள். எனக்கும் வேலை சுலபம்.)

2

அவள் தையல்காரி. கணவன் லாரி ஓட்டுபவன். பிள்ளைகள் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கீழ்த்தளத்தில் ஆய்வுக்காரர்கள் நடத்திய சேமிப்பு வகுப்புக்கு, பார்த்துவிட்டு வரலாமே என்றுதான் போனாள். என் தோழி மாதச் செலவுகளை எழுதச் சொல்லி, சிலவற்றைப் பேனாவால் சுழித்தாள். அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்கு அன்பளிப்பு, ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் பழம், கைமாற்று.

"இதெல்லாம் தவிர்க்கக்கூடிய செலவும்மா. திரும்பி வராத காசு."

அதுவரை தையல்காரியின் காசைப் பற்றி அவளிடம் உட்கார்ந்து பேசியவர் யாருமில்லை. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு அக்கா மகளுக்குக் கல்யாணம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கத் தைத்தாள். சாயங்காலம் கதவைத் திறந்தால், பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே காய்ச்சல் மாத்திரை. மிஷின் ஓடிய சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

சேமிப்பு ஏறியது.

3

(இங்கே கணவன் சாக வேண்டும். எழுத மனமில்லாமல் இழுத்தடித்தேன். அவன் நல்லவன், வண்டியில் தனக்குத்தானே பாடிக்கொண்டு போகிறவன்.)

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிச் செலவை யாரிடமும் கைநீட்டாமல் அவளே கட்டினாள். ஆள் பிழைக்கவில்லை.

யாரும் வரவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். அது பொய். எல்லோரும் வந்தார்கள், கைகட்டிக் கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள். முன்பெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள், நேரே அடுப்படிக்குள் நுழைவாள். அன்று வாசலைத் தாண்டவில்லை.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க."

'டி' போய் 'ங்க' வந்திருந்தது.

"ஒண்ணும் வேணாங்க்கா."

4

கடைசிச் சுற்றுக் கேள்விகளோடு தோழி வந்தாள்.

"திடீர்னு ஒரு அவசரம்னா பணம் புரட்ட முடியுமா?"

"முடியும்."

"யார்கிட்ட கேப்பீங்க?"

"யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

தோழி குறித்துக்கொண்டு எழுந்தாள். "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது."

"அதுக்குள்ளயா? கொஞ்சம் இருந்து வேற எதையாவது கேளுங்களேன்."

தோழி உட்கார்ந்தாள். கேட்க அவளிடம் ஒன்றுமில்லை.

5

அக்காவும் தையல்காரியும் கட்டிக்கொண்டு அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது, கிழித்தேன். அவள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போவதாக இன்னொன்று. எங்கே போவாள்?

மிஞ்சியது இதுதான். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. தையல்காரி மிச்சத் துணியில் சின்னதாக ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு வாசலில் நிற்கிறாள். அவளைக் கதவைத் தட்டவைக்க என்னால் முடியும், தட்டிவிட்டாள். திறப்பது என் கையில் இல்லை.

உள்ளே இருப்பது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.