முதல் விலை ஒன்பது

கம்பத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் கவலை அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன விலைக்குப் போனது என்றால், பத்துக்கு ஒன்பது. சொன்னவள் பத்தாம் வகுப்பு பெனாசிர், ஏலக்காய் வியாபாரி முஜிபுர் ரஹ்மானின் மகள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டவர் கணக்கு டீச்சர் ஜெஸ்லின்.

ஜெஸ்லின் நாகர்கோவில்காரர். மூன்று தலைமுறையாக மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம். பாக்கெட்டில் அச்சடித்த விலையைப் பார்த்து, சரியான சில்லறை கொடுத்து, வாய் திறக்காமல் கடையைவிட்டு வருகிறவர்கள். மதுரையில் மூன்று நாள் ஆலோசனைப் பயிற்சிக்குப் போய் வந்த குற்றத்துக்காக, பள்ளியில் பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. பயிற்சியில் கொடுத்த தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஏன் என்று குடையக்கூடாது. பிள்ளை சொல்வதை மறுக்கக்கூடாது. எழுந்து போனால் தடுக்கக்கூடாது. எட்டுக்கு மேல் சொன்னால் அன்றே வீட்டுக்குத் தகவல்.

“உன் கவலை பத்துக்கு எத்தனைம்மா இருக்கும்?”

“ஒம்போது டீச்சர்.”

“சரிம்மா.” எழுதிக்கொண்டார்.

பெனாசிர் காத்திருந்தாள். ஒன்பதா, அப்படி என்னடி சரக்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பார், ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கலாம் என்பது அவள் கணக்கு. டீச்சரோ கனிவாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்தாள். எழுந்தவரைத் திரும்பக் கூப்பிடாத ஆள் கம்பம் கடைவீதியிலேயே கிடையாது. டீச்சர், “உனக்கு எப்போ தோணுதோ அப்போ வா,” என்றார்.

“கூப்பிடக்கூட இல்லடி,” என்று வகுப்புத் தோழி திரிஷாவிடம் பொருமினாள். “என் கவலையப் பாத்தா கழிச்சுப்போட்ட சரக்கு மாதிரியா இருக்கு?”

தகவல் கிடைத்து மதியமே முஜிபுர் ரஹ்மான் ஓடிவந்தார். டீச்சர் தணிந்த குரலில், “உங்க மகளோட கவலை ஒன்பது,” என்றார்.

“யாரு சொன்னா?”

“அவளேதான்.”

“நீங்க எம்புட்டுக்குக் கேட்டீக?”

“நான் எதுக்குக் கேக்கணும்? அவ சொன்னதை ஏத்துக்கிட்டேன்.”

அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “மொத வெலைக்கே முடிச்சிட்டீகளா! இங்கன ஒரு கிலோ திராட்சைகூட அப்பிடிப் போகாதே டீச்சர். பிள்ளையக் கூப்பிடுங்க.”

பெனாசிர் வந்தாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“ஒம்போதாம்ல? ரெண்டுன்னு வையி.”

அன்றைக்கு முதல்முறையாகப் பெனாசிரின் முகம் தெளிந்தது. “கட்டாது அத்தா. பிளஸ் ஒன்னுக்கு என்னைய நாமக்கல் ஆஸ்டல்ல போட்டுட்டு ரெண்டா? காலைல நாலு மணிக்கே எழுப்பி விடுவாகளாம்.”

“நம்ம வீட்ல ஒன்னைய ஏழு மணிக்கு எழுப்பவே மூணு பேரு வேணும். அங்கன ஓசில எழுப்புறாக.”

“சரி, எட்டு. சாப்பாட்டுல உப்பே இருக்காதாம்.”

“ஞாயித்துக்கெழம பிரியாணியோட வந்து நிக்கிறேன். மூணு.”

“ஊறுகாயும் வந்தா ஏழு.”

“ரெண்டு பாட்டில். நாலு.”

“ஆறு.”

ஜெஸ்லினின் பேனா அந்தரத்தில் நின்றது. காலையில் அவர் தலையாட்டித் தலையாட்டிக் காத்திருந்ததெல்லாம் மூன்று நிமிடத்தில் மேசைமேல் கிடந்தது.

ஆறைவிட்டு பெனாசிர் இறங்கவில்லை. அத்தா நாலரைக்கு வந்தார், ஐந்துக்கு வந்தார். அவள் எழுந்து வெளியே நடந்தாள்.

“சும்மா இருங்க டீச்சர்,” என்று அவர் கையமர்த்தினார். “எல்லாம் ஏவாரந்தான். மூணாவது எட்டுல திரும்பிப் பாக்கும்.”

மூன்றாவது எட்டு. ஐந்தாவது. வராந்தா முடிந்தது. தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிவிட்டாள். அவர் உதட்டில் இருந்த சிரிப்பு மெல்ல வற்றியது. திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களை இருபத்தைந்து வருட வியாபாரத்தில் அவர் பார்த்திருக்கிறார். அடக்கவிலையில் நிற்கிறவர்கள் அவர்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஜெஸ்லின்தான் ஓடினார். “ஏய் பெனாசிர், நில்லு! ஏன் ஆறு? எதுக்கு ஆறு? சொல்லிட்டுப் போ!”

அவள் நின்றாள். “வாரத்துக்குப் பத்து நிமிசந்தான் போன்ல பேச விடுவாகளாம் டீச்சர். எங்க வீட்ல ஒரு முட்டை வாங்குறதுக்கே அரமணி நேரம் பேசுவோம். அங்கன நான் யாருகூடப் பேசுவேன்?”

பின்னால் வந்துவிட்ட முஜிபுர் ரஹ்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “ஆறு எனக்கே கட்டாதும்மா,” என்றார். “நாமக்கல் வேணாம். இங்கனயே படி. ஆனா பயாலஜி எடுக்கணும்.”

“அந்தக் குரூப்புல மேக்ஸும் சேந்து வருமே. எனக்கு வராது அத்தா.”

“டீச்சர் சனிக்கெழம சொல்லித் தருவாக.”

“நானா?” என்றார் ஜெஸ்லின். இருவரும் அவரையே பார்த்தார்கள். “மாசத்துல ரெண்டு சனிக்கிழமை.”

“மூணு,” என்றார்கள் அத்தாவும் மகளும் ஒரே குரலில்.

ஜெஸ்லின் விறுவிறுவென்று வகுப்பறைப் பக்கம் நடந்தார். இரண்டு எட்டிலேயே திரும்பிப் பார்த்துத் தொலைத்தார்.

மாலையில் அறிக்கையில் எழுதினார்: சொன்னது ஒன்பது. பேச்சில் கழிந்தது மூன்று. நாமக்கல் நீங்கியதில் கழிந்தது ஆறு. கணக்குப் பாடத்தின் பேரில் புதிதாக ஏறியது இரண்டு. நிலுவை இரண்டு, பொறுப்பு, ஜெஸ்லின்.