அரை மணி அரை மணியாக ஒரு தாமதம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் மனைவியின் தங்கை சொன்னது. விமான நிலையத்தில் விமானம் ஏறும் கதவுக்கு முன்னால் ஒரு மேசை இருக்குமே, அங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள். வீட்டில் அவளுக்கு ‘அறிவிப்பு’ என்று பட்டப்பெயர். பாத்ரூமை விட்டு எப்போது வெளியே வருவாய் என்று கேட்டால்கூட, காத்திருப்புக்கு நன்றி என்கிற குரலில்தான் பதில் வரும்.

ஒரு பத்திரிகையில் விமானப் பயண அவஸ்தைகளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் விமானம் ஏறியதே கொஞ்சம். ஏறியபோதெல்லாம் தூங்கிவிட்டேன். அதனால் சாப்பிட உட்கார்ந்தவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயைத் திறந்தால் நேரம் போவதே தெரியாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

பெட்டியின் எடை கூடுதல் என்றதும் அந்த மனிதர் அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து, மூன்று சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு கோட்டையும் மாட்டிக்கொண்டு, இப்போது நிறுத்துப் பாருங்கள் என்றார். பெட்டி இளைத்துவிட்டது. ஆனால் ஆள்...

(மிச்சத்தை நீங்களே முடித்திருப்பீர்கள். நகைச்சுவையில் வாசகர் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் பிழைப்பு போச்சு. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி:

எல்லாப் பெட்டிகளும் ஒரே கறுப்பாக இருக்கின்றனவே என்று ஒரு பெண்மணி தன் பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டி அனுப்பினார். இறங்கிய ஊரில் பட்டையில் சுற்றிச் சுற்றி வந்த கறுப்புப் பெட்டிகளில் பாதிக்குச் சிவப்பு நாடா.

மூன்றாவது முயற்சி:

தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சோதனைக்காரர் சொன்னதும், வாங்கியதை வீணாக்குவானேன் என்று ஒருவர் அங்கேயே நின்று கடைசிச் சொட்டுவரை குடித்துத் தீர்த்தார். விமானம் கிளம்பியது. இருக்கை வாரைக் கழற்ற வேண்டாம் என்று விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது...

இதையெல்லாம் சொல்லும்போது அறிவிப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மனைவிக்குப் புரையேறியது. அந்த உற்சாகத்தில், விமானம் தாமதமானால் என்னவெல்லாம் வேடிக்கை நடக்கும் என்று எடுத்துக்கொடுத்தேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. தாமதத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம் அத்தான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். இது ஒரு கெட்ட பழக்கம்தான்.*

* என் மனைவி இந்த இடத்தைப் படித்துவிட்டு, “ஒரு கெட்ட பழக்கம்தானா?” என்று கேட்டாள்.

3

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவளிடமிருந்து விஷயம் வந்தது. உங்களுக்கு நான் கோவையாகச் சொல்கிறேன்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் தாமதத்தை மொத்தமாக அறிவிக்க மாட்டார்கள். எழுத்தில் இல்லாத விதி, ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். விமானம் சாயங்காலம்தான் வரும் என்று காலையிலேயே சொன்னால் கூட்டம் மொத்தமும் மேசையை நோக்கி எழுந்து வரும். சாப்பாடு கேட்கும், மாற்று விமானம் கேட்கும், உன் மேலதிகாரியைக் கூப்பிடு என்று கத்தும். அதையே அரை மணி அரை மணியாக நறுக்கிக் கொடுத்தால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அரை மணி நேரத்துக்காக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் இடத்துக்கு மட்டும் அடித்துக்கொள்வார்கள்.

அவளும் ஆரம்பத்தில் இதை வெறுத்தாள். ஒரு தடவை ஒரு குடும்பத்திடம், இப்போதைக்கு வராது, போய் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கென்று பார்த்து அதற்குப் பதிலாக வேறொரு விமானத்தை அவசரமாகத் திருப்பிவிட்டார்கள். விமானம் ஏறக் கூப்பிட்டது சாப்பாட்டுக் கடைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கை கழுவிய ஈரம் காயாமல் அந்தக் குடும்பம் ஓடி வந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நீதானே சொன்னாய் என்று அந்த வீட்டு அம்மா இவளைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு அவளும் நறுக்கப் பழகிவிட்டாள்.

4

இனிமேல் அவர் வருகிறார்.

ஒரு நாள் காலை விமானம். வர வேண்டிய விமானம் வேறொரு ஊரில் பழுதாகி நிற்கிறது. அவளுடைய திரையில் அது தெரியும், பயணிகளின் திரையில் தெரியாது. முதல் அரை மணியை அறிவித்து முடித்ததும் ஒருவர் மேசைக்கு வந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். ஏறும் சீட்டைச் சட்டைப் பையில் வைக்காமல், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் கையிலேயே பிடித்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். விமானத்துக்கு இதுதான் முதல் தடவை, மகள் சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தங்கைக்குச் சாயங்காலம் அறுவைச் சிகிச்சை. உள்ளே போவதற்கு முன்னால் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம். இதையெல்லாம் கேட்காமலே சொன்னார். இன்னும் அரை மணி நேரம்தான் சார் என்று அவள் சொன்னாள்.

போய்க் கண்ணாடி ஓரமாக நின்றுகொண்டார். வெளியே படிக்கட்டு வண்டியை ஒருவன் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தான். இவர் இங்கிருந்தே, ஸ்டியரிங்கை ஒடி, ஒடி, இன்னும் ஒடி என்று கையால் சாடை காட்டினார். அவன் பார்க்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் அவ்வளவு வலித்திருக்காது என்கிறாள்.

இரண்டாவது அரை மணி. மூன்றாவது.

மூன்றாவது அறிவிப்பு முடிந்ததும் மறுபடி வந்தார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒண்ணு கேக்குறேன்மா, உள்ளதச் சொல்லு. என்னக் கொண்டாந்து விட்ட மச்சான் இன்னும் வெளியில வண்டியோடதான் நிக்கிறான். சாவிய வாங்கிட்டா நானே ஓட்டிட்டுப் போயிடுவேன். இப்பக் கெளம்பினா சாயங்காலத்துக்குள்ள சேந்துடலாம். இன்னும் தாமதிச்சா ரோடும் இல்ல, பிளேனும் இல்லன்னு ஆயிடும். போயிடட்டுமா, இருக்கட்டுமா?”

5

(எனக்கு இந்த மனிதர்மேல் நம்பிக்கை வரவில்லை. விமானத்துக்குக் காத்திருப்பவர் ஓட்டுநர், வாசலில் வண்டி வேறு தயாராக நிற்கிறது என்றால், கதை எழுதுகிறவன் இழுத்துவைத்து முடிச்சுப் போட்டான் என்றுதானே நினைப்பீர்கள்? அதனால் முதலில் எழுதும்போது அவரை வங்கி அதிகாரி ஆக்கினேன். கறுப்புத் தோல் பை கொடுத்தேன். மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அறிவிப்பு படித்தாள். முகம் சுண்டிவிட்டது. “அவரு டிரைவர் அத்தான். வங்கிக்காரரா இருந்தா யாரயாச்சும் கூப்பிடணும், வண்டி ஏற்பாடு பண்ணணும், ஆயிரம் யோசன. இவருக்கு என் வாயிலேருந்து ஒரு வார்த்த போதும். அத நீங்க மாத்துனா என் மேல ஒண்ணும் இல்லன்னு ஆயிடும்.”

தோல் பையை வாங்கிக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

6

அவள் திரையைப் பார்த்தாள். விமானம் அந்த ஊரிலேயேதான் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துக் கதவருகே அவளுடைய மேலாளர் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வந்த பயணியைத் திரும்ப வெளியே அனுப்ப ஒரு காவலரைக் கூப்பிட்டால் போதும், பெரிய காரியமே இல்லை. ஆனால் அவளுக்குள் அந்தச் சாப்பாட்டுக் கடைக் குடும்பம் ஓடி வந்தது. இவரை அனுப்பிவிட்டு, மறு நிமிடமே வேறு விமானம் வந்து நின்றால்?

“இன்னும் அரை மணி நேரம்தான் சார்” என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் சொன்னதை நம்பி, கைப்பேசியில் மச்சானைக் கூப்பிட்டு, நீ கிளம்பு, இதோ ஏறப்போகிறோம் என்று சொன்னார். அது அவள் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகும் அரை மணிகள் வந்தன. எத்தனை என்று எழுத மாட்டேன், அவளுக்குத் தெரியும். வெயில் கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. ஒருவழியாக விமானம் வந்து, எண் போட்ட இருக்கைக்கு ஏன் இந்த முண்டியடிப்பு என்று யாருக்கும் தோன்றாமல் எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். அவர் கடைசியாக வந்தார். கசங்கிப்போன சீட்டை நீட்டினார். தங்கையை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம் என்று மட்டும் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பழக்க தோஷம், மைக்கில் வரும் அதே வாக்கியம்தான் வந்தது.

“பரவால்லம்மா” என்றார். “நீ என்ன பண்ணுவ, சொல்லச் சொன்னதச் சொல்ற.”

திட்டியிருந்தால் தேவலை என்கிறாள் அவள். திட்டியவர்கள் யாருடைய முகமும் நினைவில் இல்லையாம்.

7

முடிவுகளுக்கு வருவோம்.

ஒன்று. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. கண் விழித்த தங்கை, ஏன் இவ்வளவு நேரம் என்று அண்ணனைக் கேட்கிறாள். அவர் படிக்கட்டு வண்டிக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார். அறிவிப்பு இதைப் படித்துவிட்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அப்படியென்றால் வேண்டாம் என்றாள்.

இரண்டு. தங்கை கண் விழிக்கவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது... இந்த வாக்கியத்தைத் தாண்ட அவள் விடவில்லை. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மூன்று. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொல்கிறாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பறக்கிறார், நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். “இதுல நான் நல்லவளா வர்றேன் அத்தான்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

நான்கு. உண்மையைச் சொல்கிறாள், அவர் போகிறார், உடனே மாற்று விமானம் வருகிறது, வழியில் சாலை மறியலில் அவர் வண்டி நிற்கிறது. இதை அவளிடம் காட்டவில்லை. காட்டினால் அவளுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தேறிவிடுவாள் என்றுதான் எழுதினேன். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று இதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

(பத்திரிகையிலிருந்து கேட்டார்கள், சிரிப்புக் கட்டுரை என்ன ஆயிற்று என்று. இதோ, இன்னும் கொஞ்சம்தான் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.)

8

கடைசியில், மண்டையில் இத்தனை நாளாக உறைக்காததைக் கேட்டேன். பயணிகளின் கைப்பேசி எண் அலுவலகக் கணினியில் இருக்குமே, ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டால் என்ன?

இருக்கிறது என்றாள். அப்படி எடுத்துப் பேசக் கூடாதுதான். ஆனாலும் பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். மனப்பாடமே ஆகிவிட்டது. கூப்பிட்டால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும் என்பதால் கூப்பிடவில்லை.

“நீங்க முடிவுன்னு எத எழுதினாலும் நான் படிச்சுடுவேன்” என்றாள். “படிச்சா அதுதான் நடந்ததுன்னு மனசுல ஒட்டிக்கும். எழுதாதீங்க.”

சரி என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. அவளை அந்த மேசைக்கு முன்னால் அப்படியே விட்டுவிட்டுப் போவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் அவள் காலை வேலைக்குத்தான் போயிருக்கிறாள். இந்நேரம் எந்த விமானமோ தாமதமாகியிருக்கும். யாரோ வந்து எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருப்பார்கள். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் வாக்குக் கொடுத்தது நான்தான், நீங்கள் இல்லை. பேருந்து ஓட்டுகிறவர்களும் கதை படிக்கிறார்கள், அவர்களுடைய தங்கைகளும் படிக்கிறார்கள். நீங்கள் அவராக இருந்தால், அல்லது அவருக்குப் பக்கத்து வீடாக இருந்தால், அடுத்த தடவை அந்தக் கதவு வழியாகப் போகும்போது மேசைக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அவள் காதைப் பொத்திக்கொள்ளப் பார்ப்பாள். நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

மொத்தமாக, ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்.