ஓட்டுநர் பக்கக் கதவு

சின்ன லாரியின் மீட்டரில் அவள் வரைந்த எண் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று ஆறு. மறுநாள் காலையில் அது நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்றாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் மாட்டிப் பார்த்தாள். அதே எண்தான், அவளுடைய கையெழுத்திலேயே. ஏழு மட்டும் அவள் போடுவதுபோல இடுப்பில் ஒரு கோட்டோடு இருந்தது. முந்நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர் என்பது சுமையோடு போகிற ஒரு லாரி ஒரு பகலும் பாதி ராத்திரியும் ஓடுகிற தூரம். லாரி என்னவோ அலமாரியில், வைத்த இடத்தில்தான் இருந்தது. முழ நீளம்கூட இல்லாத அந்த லாரியின் எஞ்சின் முன்மூடியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அவளை ஊரில் பல்லுக்காரி என்பார்கள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற பல் கூடத்தில் வேலை. வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்று தெரிந்தவள். பீடி குடிக்கிறவருக்கு ஒரு வெள்ளை, பால் மட்டும் குடிக்கிற கிழவிக்கு ஒரு வெள்ளை என்று பிரித்துக் கலப்பாள். அப்படிப்பட்ட கைக்குக் கல்யாணமான புதிதில் அவள் புருஷன் ஒரு மாடல் பெட்டி வாங்கிவந்து கொடுத்தான். தன்னுடைய லாரியின் அச்சு அசல், இருபத்துநாலில் ஒரு பங்கு, நூற்றெண்பது துண்டு. 'நான் இல்லாதப்போ உனக்குப் பேச்சுத்துணைக்கு' என்றான். எமகாதகன், இதற்கு அவன் பேசாமலே இருந்திருக்கலாம். அவள் அதை நாலு வருஷம் கட்டினாள். துரு இருக்கிற இடத்தில் துரு வைத்தாள், பின்பலகையில் மாடு முட்டிய சொட்டையை ஊசியைச் சூடாக்கி வைத்தாள், ஓட்டுநர் இருக்கையின் கிழிசலுக்குக் கையுறையில் ஒரு கீற்று வெட்டித் தையல் போட்டாள். அவன் வீட்டுக்கு வந்தால் அவனோடு பேசிய நேரத்தைவிட, டார்ச் விளக்கோடு அவள் அவன் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த நேரம்தான் அதிகம் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சொல்வார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த எண்ணை வரைந்த அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் சண்டை. பத்தொன்பது நாள் கழித்து வந்தவன் இரண்டே நாளில் மறுபடி கிளம்பினான். 'அந்த லாரியையே கட்டிக்கிட்டு அழுங்க, எனக்கென்ன' என்றாள். 'அழுறேன் போ' என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். போகும்போது எப்போதும்போல மீட்டர் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போனான்; சண்டை வேறு, பழக்கம் வேறு. சாயங்காலம் அவள் எண்ணை வரைந்து, முன்கண்ணாடியை ஒட்டி, கடைசியாக ஓட்டுநர் பக்கக் கதவை மாட்ட உட்கார்ந்தாள். அந்த மாடலில் திறக்கிற கதவு அது ஒன்றுதான். மறுபக்கத்துக் கதவு வார்ப்பிலேயே மூடியபடி வந்திருந்தது. கோபத்தில் விரல் கொஞ்சம் அழுந்த, தலைமயிர் கனத்துக் கீல் படக்கென்று உடைந்தது. வேறு நாளாக இருந்தால் கம்பியில் புதுக் கீல் செய்திருப்பாள். அன்றைக்கு, நாசமாய்ப் போகட்டும் என்று நொடியில் பிடிக்கிற பசையைச் சுற்றிவரத் தடவிக் கதவை அழுத்தி ஒட்டிவிட்டாள்.

நாலாம் நாள் வரவேண்டியவன் வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள். சரக்கு இறக்கியவர்களைக் கேட்டாள். அவன் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ கத்தினான், எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, குடித்திருக்கிறான் போல என்று விட்டுவிட்டோம் என்றார்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு ஓட்டுநர் வந்து, அவனை மலைப்பாதையில் பார்த்தேன், துறைமுகப் பாலத்தில் பார்த்தேன், கையைக் காட்டினான், நிறுத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவள் இல்லை. காலையில் பல் விளக்கியதும் மீட்டரைப் பார்த்து நாட்காட்டியில் எழுதுவாள். இருநூற்று எண்பது, முந்நூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து. சக்கரத்தில் ஒருநாள் செம்மண் இருக்கும், ஒருநாள் கடல்மணல் இருக்கும். மதியம் இரண்டு மணி சுமாருக்கு முன்மூடி கால்மணி நேரம் ஆறிக் கிடக்கும், பிறகு சூடாகிவிடும். சின்ன வண்டி இல்லையா, சூடாவதும் சீக்கிரம், ஆறுவதும் சீக்கிரம். ஆறாம் வருஷம் மீட்டர் ஒன்பதுகளை எல்லாம் தாண்டிப் பூஜ்யத்துக்குப் போனபோது, ஆள் முடிந்தான் என்றே நினைத்துச் சோற்றை மூடிவைத்துவிட்டாள். மறுநாள் அது முந்நூற்று இரண்டு என்று காட்டிய பிறகுதான் சோறு இறங்கியது.

அவளை உண்மையில் அடித்துப் போட்டது மூன்றாம் வருஷம் நடந்தது. ஒரு புதன்கிழமை முற்பகலில் லாரி அவர்கள் தெருவுக்கே வந்து, வீட்டு வாசலில் நின்றது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். தையல்காரர் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே எல்லாவற்றையும் பார்த்தார். ஹாரன் அடித்தான், பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், கண்ணாடியில் தட்டினான், இறங்கவில்லை, பதினோரு நிமிஷத்தில் போய்விட்டான். சாயங்காலம் இதைக் கேட்ட பல்லுக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாசல் வரைக்கும் வந்தவனுக்கு இறங்க மனசு வரவில்லையே, ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷக் கோபமா என்று அழுதாள். அன்றைக்குப் பிறகு மீட்டரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஏழு வருஷம் முடிந்ததும் கொழுந்தன் ஒரு தாளோடு வந்தான். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதலாம் என்கிற தாள். அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கோர்ட்டில் கொடுத்துவிடலாம். அவன் கெட்டவன் இல்லை, சொத்துக்கு அலைகிறவனும் இல்லை. 'லாரி ஓடுது தம்பி' என்றாள் அவள். 'ஓடுது அண்ணி, யாரு இல்லன்னாங்க? ஓடுற லாரி வேற, வீட்டுக்கு வர்ற மனுஷன் வேற. ஏழு வருஷத்துல அண்ணன் ஒரு தடவை இறங்கினாரா? உங்களுக்கு முப்பத்தாறு வயசுதான் ஆவுது. எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பொம்மையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க?' அவள் தாளை இழுத்து முன்னால் வைத்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். கொழுந்தன் என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரிப் பக்கம் திரும்பி, 'அது என்ன அண்ணி, கதவுக் கண்ணாடி இவ்வளவு அழுக்கா கிடக்கு? தொடைக்கக் கூடாதா?' என்றான்.

'அழுக்கு இல்ல தம்பி, பசை பூத்தது' என்றாள். இந்த வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த தொல்லை அது. அந்தப் பசையை அவசரத்தில் அதிகமாக வைத்தால் அதன் ஆவி கிளம்பி, பக்கத்திலிருக்கும் கண்ணாடித் துண்டின் உட்புறத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒட்டியபின் துடைக்க முடியாது. ஏழு வருஷமாக அந்தப் பூச்சைத் தன் அவசரப் புத்திக்கு வந்த தண்டனை என்று நினைத்து, மீட்டரைப் பார்த்த பூதக்கண்ணாடியை அவள் ஒருநாளும் அந்தப் பக்கம் திருப்பியதில்லை. தெரியாதவன் கேட்டானே, காட்டலாம் என்று இப்போதுதான் திருப்பினாள். வெள்ளைப் பூச்சின் நடுவே ஐந்து விரல் பதிந்திருந்தது. அதன் மேல் இன்னொரு கை, அதன் மேல் இன்னொன்று. கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்புறப் பெயின்ட் பிளாஸ்டிக் தெரிகிற வரைக்கும் தேய்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூச்சு மெதுவாகக் குறைந்து, மெதுவாகக் கூடியது. அது மூச்சு.

'அடிப்பாவி' என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். கொழுந்தன் பயந்துபோய் என்ன என்று கேட்டான். 'அவர் இறங்காம இல்ல தம்பி. இறங்க முடியல. நான்தான் ஒட்டிட்டேன்.'

பல் கூடத்தில் மூன்று நாள் லீவு சொன்னாள். பல் இடுக்கில் ஓட்டுகிற மயிரிழை ரம்பம் ஒன்றை எடுத்துவந்தாள். ஓடுகிற வண்டியில் கதவை அறுத்தால் ஆள் என்ன ஆவான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மதியம் முன்மூடி ஆறுகிற அந்தக் கால்மணி நேரம் மட்டும்தான் கை வைத்தாள். மற்ற நேரமெல்லாம் மூடியில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். கொழுந்தன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பழைய பிளாஸ்டிக், ஏழு வருஷத்தில் பிஸ்கட்டாட்டம் ஆகியிருந்தது. கொஞ்சம் அழுத்தினால் ஓட்டுநர் கூண்டே விரிசல் விட்டுவிடும். முதல் நாள் மேல்கோடு, இரண்டாம் நாள் பின்கோடு. மூன்றாம் நாள் அடிக்கோட்டில் ரம்பம் ஒருமுறை வழுக்கி உள்ளே போய்விட்டது. ரம்பத்தை வெளியே எடுத்து அதன் முனையையே பார்த்தாள். 'நாலு நிமிஷம் இருக்கு அண்ணி' என்றான் கொழுந்தன். பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை அறுத்து, இடுக்கியால் பிடித்து இழுத்தாள். கதவு வந்தது. உள்ளிருந்து ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த வியர்வையும் டீசலும் கலந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவி, தெருவைத் தாண்டிப் போய்த் தையல்காரரை மூக்கைப் பொத்தவைத்தது. மூடி சூடாகவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, பொழுது சாய்கிற வரைக்கும் சூடாகவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் பயந்ததெல்லாம் பயமே இல்லை, அன்றைக்குப் பயந்ததுதான் பயம். ஆறரைக்கு லேசாகச் சுட்டது. அதற்குப் பிறகுதான் கொழுந்தன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் மீட்டர் அறுநூற்றுப் பன்னிரண்டு கூடியிருந்தது. அதற்கு மறுநாள் பதினோரு மணிக்கு லாரி வாசலில் வந்து நின்றது. கதவில்லாத ஓட்டையிலிருந்து அவன் ஒவ்வொரு காலாகக் கையால் எடுத்துக் கீழே வைத்து இறங்கினான். வலது முழங்கையில் இரண்டு நாள் ஆன ஒரு கீறல் இருந்தது. பொட்டல் ஒன்றில் கதவு விழுந்ததும் மண்ணில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தானாம், அதுதான் வண்டி எடுக்க ஆறரை ஆகிவிட்டதாம். ஓடினால்தான் எங்கிருந்தோ சந்தில் காற்று வரும், நின்றால் கால்மணியில் மூச்சு முட்டும், அதனால் ஓடிக்கொண்டே இருந்தேன் என்றான். டயர் கடையில் கடப்பாரையால் கதவை நெம்பினார்களாம், கண்ணாடியைக்கூட அடித்துப் பார்த்தார்களாம், கடப்பாரைதான் வளைந்ததாம். பசியே எடுக்கவில்லையாம், தூக்கமும் வரவில்லையாம், டீசலும் தீரவில்லையாம். இதையெல்லாம் பிறகுதான் சொன்னான். முதலில் கேட்டது வேறு. 'வாசல்ல வந்து நின்னு அவ்வளவு ஹாரன் அடிச்சேனே, எங்கடி போயிருந்தே?'

'வேலைக்கு' என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் லாரியின் கதவில்லாத ஓட்டையைத் திரும்பிப் பார்த்தான். 'கோபத்துலயா ஒட்டின?' என்றான்.

'கீல் உடைஞ்சு போச்சுங்க.' கொஞ்சம் பொறுத்து, 'கோபத்துலயும்தான்' என்றாள். அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரும் வழியிலேயே அழுகையாகிவிட்டது, அவளுக்கும்தான். கொழுந்தன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பால் வாங்கிவரப் போனான்.

ஒரு மாதம் தெரு முனை வரைக்கும் நடந்து நடந்து கால் பழகியதும், அவன் மறுபடி வண்டி எடுத்தான். லாரிக்காரன் வேறு என்ன செய்வான், அவளும் தடுக்கவில்லை. கதவுக்கு மெல்லிய கம்பியில் புதுக் கீல் செய்து மாட்டியிருந்தாள். பெரிய லாரியிலும் அது வந்துவிட்டது. அவன் கிளம்பினதும் அலமாரிக்குப் போய், சின்ன லாரியின் கதவிடுக்கில் ஒரு தீக்குச்சித் துணுக்கைச் செருகிவைப்பாள், திரும்பி வந்த பிறகுதான் எடுப்பாள். அதனால் நெடுஞ்சாலையில் ஓட்டுநர் பக்கக் கதவு ஒரு சாண் திறந்தபடி ஒரு லாரி போவதை இன்றைக்கும் பார்க்கலாம். பக்கத்தில் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, 'அண்ணே, கதவு திறந்திருக்கு' என்று கத்துவார்கள். தெரியும் என்று கையைக் காட்டுவான். மழையில் அவன் தோள் ஒரு பக்கம் தொப்பலாக நனைந்துவிடும். துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டுவான்.