ஏச்சுக்கு ஸ்கேன் வேண்டாம்

ஆரியசாலைக் கடைத்தெருவில் நெல்லையப்பன் அண்ணாச்சியின் வற்றல்மிளகாய்க் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த விபின், ஒருநாள் காலை வலிப்பு வந்து தரையில் விழுந்தான். லாரி பிந்தியதற்காக அண்ணாச்சி கடையே அதிர அவனை ஏசிக்கொண்டிருந்த நேரம். ஸ்கேனில் மூளையில் கட்டி தெரிந்தது. புற்றுநோயாகத்தான் இருக்கும் என்றார்கள்.

விபினின் மனைவி சிஜி காரணத்தைத் தேடிப் போகவில்லை. நாலு வருஷமாக, அண்ணாச்சியின் ஏச்சை நினைத்துச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். டாக்டர் ஸ்ரீகுமாரிடம் நேராகவே கேட்டாள்.

"டென்ஷன் கொண்டுதானே டாக்டரே இது வந்தது?"

அவர் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். அப்படி ஒரு சந்தேகம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் உண்டு. சிலர் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள், சிலர் தேடியும் காணவில்லை. மன அழுத்தத்தால்தான் வந்தது என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. இது மெல்ல வளர்கிற கட்டி. விபின் அந்தக் கடையில் சேருவதற்கு முன்பே தொடங்கியிருக்கவும் கூடும்.

சிஜிக்கு ஏமாற்றமாக இருந்தது. கோபப்பட ஓர் ஆளாவது இருந்தார், அதுவும் போயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டுக்குள் நுழையாமல் வராந்தாவிலேயே நின்றார்.

"ஏம்மா, நான் ஏசுனதுலதான் இப்படி ஆச்சுன்னு கடைப் பயலுவ பேசிக்கிடுதானுவ. டாக்டர் என்ன சொல்லுதாரு?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும், ஆயுசுக்கும் மனுஷர் தூங்க மாட்டார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, டாக்டர் சொன்னதைச் சிஜி அப்படியே சொன்னாள்.

அண்ணாச்சி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அவருடைய போன் அடித்தது.

"ஏல, மூளை இருக்கா ஒனக்கு?" என்று எடுத்த எடுப்பிலேயே யாரையோ ஏசத் தொடங்கினார்.

சிஜி எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, உங்களால வியாதி வந்துன்னு சொல்ல முடியாதுன்னுதான் டாக்டரு சொன்னாரு. ஏசலாம்னு சொல்லல்ல. எனக்க மாப்பிள நாலு வருஷமா நிம்மதியா ஒரு வாய் தின்னதில்ல. அது உங்களாலதான். அது தெரிய ஸ்கேன் ஒண்ணும் வேண்டாம்."

அண்ணாச்சி போனை அணைத்தார். படியிறங்கிப் போனார்.

ஆபரேஷனில் கட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ரேடியேஷன் பாக்கி இருந்தது. ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி ஆரஞ்சோடு வந்து, தேறியதும் கடைக்கு வரச் சொன்னார். விபினுக்குப் பேச்சு இன்னும் தடுமாறியது.

"வாறேன் அண்ணாச்சி. ஆனா... ஏச்சுக் கேக்க... இனி கழியாது... முடியாது."

சரி என்று அவர் தலையை ஆட்டினார்.

மழைக்காலம் முடிந்ததும் விபின் அரைநாள் வேலைக்குப் போகத் தொடங்கினான். அவன் பக்கம் திரும்பும்போது அண்ணாச்சியின் குரல் தானாக இறங்குகிறதாம். மற்றவர்களை இன்னும் ஏசத்தான் செய்கிறார். அதையும் ஒருநாள் போய்க் கேட்டுவிட வேண்டும் என்றிருக்கிறாள் சிஜி.